மூன்று சொற்கள்: யாக்கோபின் நிருபமும் நெல்லைக் கிறிஸ்தவமும்

நெல்லைப் பக்கத்துப் பிரசங்கங்களில் அதிகம் புழங்குகிற இருமை எதிர்வு எது என்று கேட்டால், பரலோகம்/நரகம் என்று நான் சொல்லமாட்டேன். தேவஞானம்/உலகஞானம் என்றுதான் சொல்வேன். கன்வென்ஷன் பந்தல், வீட்டு ஜெபக் கூட்டம், கல்யாண வீட்டில் ஐயர் தருகிற ஐந்து நிமிடச் செய்தி, அடக்க ஆராதனை என்று எல்லா இடத்திலும் இது வந்துவிடும். மகனை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதிலிருந்து அண்ணன் தம்பி சொத்துத் தகராறு வரைக்கும் எதையும் இந்த இரண்டு கட்டத்தில் ஒன்றில் போட்டுவிடலாம். நம் தோழர்கள் இதை 'மறுமைவாதம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். தள்ளுவது சௌகரியம்தான். ஆனால் ஒரு ஜனம் இருநூறு வருஷமாகத் தன் அன்றாடத்தை எந்தச் சொற்களை வைத்து யோசிக்கிறதோ அந்தச் சொற்களைப் படிக்காமல், அந்த ஜனத்திடம் அரசியல் பேசப் போகிறவனை என்னவென்று சொல்வது?

என்னை இந்த வாசிப்புக்குத் தள்ளியது கங்கைகொண்டான். திருநெல்வேலியிலிருந்து மதுரை போகிற வழியில் சிற்றாற்றங்கரையில் இருக்கிற ஊர். அங்குள்ள சிப்காட் வளாகத்தில் கோக்கோ கோலாவுக்காகக் குளிர்பானம் அடைக்கிற ஆலை வருகிறது, தாமிரபரணித் தண்ணீர் அதற்குப் போகப்போகிறது என்பதை எதிர்த்து 2005-இல் போராட்டம் நடந்தது. அந்த நாட்களில் அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்களிடம் பேசும்போதெல்லாம் நான் கேட்ட பதில் ஒன்றுதான்: "அது உலகக் காரியம்லா." பயந்து சொன்னவர்கள் உண்டு, சலித்துச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் உண்மையாகவே நம்பிச் சொன்னார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அவர்கள் காட்டுகிற வசனம் யாக்கோபின் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டு ஞானங்கள் அங்கே பிரிக்கப்படுகின்றன. ஒன்று மேலிருந்து இறங்குவது. அப்படி இறங்காத மற்றொன்றுக்கு மூன்று அடைமொழிகள் தரப்படுகின்றன. இந்தக் கட்டுரை அந்த மூன்று அடைமொழிகளைப் பற்றியது. மூன்றும் தமிழில் என்ன சொற்களாக வந்தன, வந்த சொற்கள் எந்த மண்ணில் போய் விழுந்தன என்பதைப் பற்றியது.

முதலில் 'ஞானம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழ்க் கிறிஸ்தவத்தில் இந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. ஞானஸ்நானம், ஞானப்பாட்டு, ஞானத்தகப்பன், ஞானப்பால். நொபிலி 'ஞானோபதேசம்' எழுதின காலத்திலிருந்தே 'ஞான' என்று முன்னால் ஒட்டினால் அது 'ஆவிக்குரியது' என்று ஆகிவிடுகிறது. கிரேக்கத்தில் புத்திக்கூர்மை, கைத்தொழில் தேர்ச்சி, வாழத்தெரிந்த விவேகம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிற 'சோபியா'தான் நம் மொழிபெயர்ப்பில் 'ஞானம்' ஆகிறது. தச்சனுக்கும் சோபியா உண்டு, மாலுமிக்கும் உண்டு. தமிழில் ஞானம் என்ற உடனே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஒரு உருவம் வந்துவிடுகிறது. ஆகவே மேலிருந்து வருகிற ஞானம் எது, கீழே கிடக்கிற ஞானம் எது என்ற விசாரணை தொடங்குவதற்கு முன்னாலேயே, தச்சனும் மாலுமியும் பனையேறியும் வெளியே நிறுத்தப்பட்டாயிற்று. ஞானம் என்ற சொல்லுக்குள்ளேயே அவர்களுக்கு இடமில்லை.

இப்போது அடைமொழிகள். ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்புத்தான் இன்றுவரை புராட்டஸ்டண்ட் வீடுகளில் வாசிக்கப்படுகிறது. திருத்தும் பணியில் கால்டுவெல்லுக்கும் பங்குண்டு. அதில் கீழான ஞானத்துக்குத் தரப்படுகிற மூன்று குணங்கள்: லௌகிகம், ஜென்மசுபாவம், பேய்த்தனம்.

லௌகிகம் என்று தமிழில் வந்திருக்கிற கிரேக்கச் சொல்லின் நேரடிப் பொருள் 'மண்மேல் உள்ளது'. அவ்வளவுதான். மண் அதில் இருக்கிறது. ஆனால் 'லௌகிகம்' மண்ணைப் பற்றின சொல் இல்லை. அது ஒரு இணையின் பாதி. வைதிகம்/லௌகிகம் என்பது பிராமணியச் சொல்லாடலின் பழைய பாகுபாடு. வேதத்துக்குட்பட்டது ஒன்று, அதற்கு வெளியே கிடக்கிற நடைமுறை மற்றொன்று. வேதம் ஓதிப் பிழைக்கிற பிராமணர் வைதிகர், சர்க்கார் உத்தியோகம் பார்க்கிற பிராமணர் லௌகிகர் என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. அங்கே லௌகிகம் ஒன்றும் பாவமில்லை. அது வீட்டின் மற்றொரு அறை. "அவனுக்கு லௌகீகம் தெரியாது" என்று ஒருத்தரைப் பற்றிச் சொன்னால் அது புகழ்ச்சியா, குறையா? பாதிக்குப் பாதி. மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் பேய்த்தனத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்படுகிறது. இணையில் இருந்த வைதிகம் மட்டும் சத்தமில்லாமல் 'பரம்' ஆகிறது. வேதம் என்ற சொல்லையும் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்: வேதபுத்தகம், வேதபாடம், வேதக்கோயில். நெல்லையில் கிறிஸ்தவனானதை 'வேதத்தில் சேர்ந்துட்டான்' என்றுதானே சொல்வார்கள். வேதத்தில் சேர்ந்தவனுக்கு லௌகிகம் அந்நியமாகித்தான் ஆகவேண்டும். சொற்களின் தர்க்கம் அப்படி.

ஆனால் நெல்லைக் கிறிஸ்தவம் எப்படி உண்டானது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கணும். வேதத்தில் சேர்ந்ததற்காக ஊர்களில் தொந்தரவுக்கு ஆளானவர்கள் கூடி வாழ 1799-இல் முதலூர் உண்டானது. தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று நிலம் வாங்கி ஏற்படுத்தின ஊர் அது. முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் முதலூர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் 1830-இல் தரும சங்கம் தொடங்கினார். அதன் வேலை என்ன? கிறிஸ்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்குவது, ஊர்களை ஏற்படுத்துவது. பத்திரம், கிரயம், எல்லைக்கல், வரி. இதைவிட லௌகிகமான காரியம் உலகத்தில் இருக்கிறதா? நெடுவிளை என்றிருந்த ஊர் மெய்ஞ்ஞானபுரம் ஆனது. 'விளை' என்பது நம் பக்கத்தில் பனைநிலத்தைக் குறிக்கிற சொல். விளை போய் ஞானம் வந்தது, அதுவும் சாதா ஞானம் இல்லை, மெய்ஞ்ஞானம். ஆனால் 1830-களின் பிற்பகுதியிலிருந்து 1870-இல் இறக்கும்வரை அங்கே இருந்த ஜான் தாமஸ் அந்த மணல்காட்டில் கிணறு வெட்டினார், மரம் வைத்தார், 192 அடிக் கோபுரத்தோடு கோயில் கட்டினார். கிணறு இல்லாமல் கோபுரம் இல்லை. அந்த ஊர்க்காரனுக்கு இது தெரியும். பெயர்ப்பலகைக்குத்தான் தெரியாது.

மிஷனரி அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு புலம்பல் உண்டு. இந்த ஜனங்கள் 'உலகப்பிரகாரமான நோக்கங்களோடு' சபைக்கு வருகிறார்கள் என்பது. ஜமீன் கொடுமைக்குப் பாதுகாப்பு, கோர்ட் காரியத்துக்குத் துணை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நம் பகுத்தறிவு நண்பர்களும் இதே புலம்பலை வேறு சுருதியில் பாடுவார்கள்: ரொட்டிக்கு மதம் மாறினவர்கள் என்று. இரண்டு பேரும் ஒரே எதிர்வுக்குள்தான் நிற்கிறார்கள். சுத்தமான விசுவாசம் ஒன்று, அசுத்தமான வயிறு ஒன்று. ஆனால் லூக்கா சுவிசேஷத்தில் 16-ஆம் அதிகாரத்தில் ஒரு உக்கிராணக்காரன் வருகிறான். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் எஜமானின் கடன்காரர்களைக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பதாக்கு என்று சீட்டை மாற்றி எழுத வைக்கிறான். எஜமான் அவன் புத்தியைப் பாராட்டுகிறான். பிரசங்கியார்களுக்கு இந்த உவமை வந்தாலே தொண்டையில் முள்தான். கணக்கப்பிள்ளையையும் மிராசையும் கண்ட ஜனங்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. சீட்டை யார் எழுதுகிறானோ அவன் கையில் இருக்கிறது வாழ்க்கை. முதலூருக்கு நடந்து போனவர்கள் இந்தப் புத்தியோடு போனவர்கள். அதை உலகஞானம் என்று தாழ்த்துவதற்கு முன்னால், அந்த உலகம் அவர்களை எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதைப் பார்க்க வேண்டாமா?

பவுலை இங்கே துணைக்கு அழைப்பார்கள். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் உலகத்தின் ஞானத்தைப் பைத்தியம் என்கிறார் அல்லவா என்று. என்கிறார். ஆனால் யாருடைய ஞானத்தை? கொரிந்து ஒரு துறைமுகப்பட்டினம். சபையில் இருந்தவர்களில் பேச்சுத் திறமை படித்தவர்களும் வல்லவர்களும் பிரபுக்களும் அதிகமில்லை என்று அதே அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். அவர் குத்திக்காட்டுகிற உலகஞானம் மேடைப்பேச்சு, குலப்பெருமை, செல்வாக்கு. அதாவது மேலே இருப்பவர்களின் ஞானம். நம் பிரசங்கங்களில் இது அப்படியே தலைகீழாகிறது. கூலி கேட்பதும் தண்ணீர் கேட்பதும் உலகஞானம். வட்டிக்கு விடுவதும் சபைத் தேர்தலில் ஓட்டுக்குக் காசு கொடுப்பதும் 'நிர்வாகத் திறமை'.

இலக்கிய வாசகர்களுக்காக ஒரு சிறிய விலகல். பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தில் ஒரு உலகஞானி வருகிறான். கனவான். முதுகில் சுமையோடு போகிற கிறிஸ்தியானைப் பார்த்து, இந்தப் பாதை எதுக்கு, பக்கத்து ஊரில் மரியாதையான பெரிய மனுஷர் ஒருத்தர் இருக்கிறார், அவரைப் பார், சுமையை இறக்கித் தருவார் என்று புத்தி சொல்கிறான். எழுதினவர் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற குடும்பத்தில் பிறந்தவர். உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் இருந்தவர். அந்தக் கனவானை அவர் எந்தத் திண்ணையில் பார்த்திருப்பார் என்று நமக்குத் தெரியும். இதே கதை நெல்லையில் கரையிருப்பில் பிறந்த ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் கையில் 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் ஆகிறது. கம்பனைக் கரைத்துக் குடித்த வைணவ வேளாளப் புலவர், முப்பது வயதை ஒட்டி ஞானஸ்நானம் பெற்றவர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். காவியம் என்ற அளவில் அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் ஈயம் பூசுகிறவனின் உரைநடை புலவரின் விருத்தமாகும்போது ஒன்று நடக்கிறது. உலகஞானியைக் கண்டிக்கிற பாட்டே, உலகத்தின் பெரிய ஞானம் என்று நெல்லைச் சீமை கொண்டாடின யாப்பில் நிற்கிறது. முதுகுச் சுமை என்றால் என்னவென்று ரோட்டோரச் சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைத்து ஏற்றினவனுக்குத் தெரியும். அவனுக்கு அந்தப் பாட்டு எட்டவில்லை. உரைநடை மோட்சப் பிரயாணம்தான் அவன் வீட்டு மாடக்குழிக்கு வந்தது.

இரண்டாவது சொல் இன்னும் ஆபத்தானது. 'ப்சுகிகே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெறும் உயிர் சம்பந்தப்பட்டது, ஆவி தொடாதது என்று பொருள் சொல்லலாம். தமிழில் ஜென்மசுபாவம். பவுல் இதே சொல்லைப் பயன்படுத்துகிற இடத்திலும் ஜென்மசுபாவமான மனுஷன்தான். மொழிபெயர்த்தவர்களின் நோக்கத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஜென்மம் என்ற சொல் சாதி சமூகத்தில் போய் விழும்போது என்ன சத்தம் கேட்கிறது என்பதைப் பற்றிப் பேசுகிறேன். ஜென்மத்தில் பிறந்ததைச் செருப்பால் அடித்தாலும் போகாது என்று பழமொழி வைத்திருக்கிற ஊர் இது. பிறப்பில் ஒட்டின சுபாவம், மாறாத சுபாவம், சாதிப்புத்தி. ஒரு ஞானத்தை ஜென்மசுபாவத்துக்குரியது என்றால் கேட்கிறவன் காதில் அது ஆதாமின் பிறப்பாக விழாது. யார் பிறப்பு என்றுதான் விழும்.

இந்தச் சந்தேகம் அதீதம் என்று நினைப்பவர்கள் 1849-இல் கால்டுவெல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற சிறுநூலை நினைத்துக்கொள்ளலாம். இன்று நாடார் என்று சொல்லப்படுகிற சமூகத்தை மந்தபுத்தி உள்ளதாக, ஆழமான சிந்தனைக்கு லாயக்கில்லாததாக, சாதி மொத்தத்துக்கும் ஒரு மனக்கூறு இருப்பதாக எழுதினார். ஏழு வருஷம் கழித்து ஒப்பிலக்கணம் எழுதின அதே பேனாதான். திராவிட இயக்கம் சிலை வைத்த கால்டுவெல்லுக்கும் இந்தக் கால்டுவெல்லுக்கும் நடுவே சுவர் எழுப்பிப் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு மொழியை ஆரியத்திடமிருந்து விடுவித்தவர் அதைப் பேசுகிற ஒரு ஜனத்தை அதன் ஜென்மத்துக்குள் அடைத்தார். இரண்டும் வகைப்படுத்துகிற ஞானம்தான்.

இதற்குப் பதில் சொன்னவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்தவர். மிஷனரியோடு மோதி வெளியேறினவர். 1857-இல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் தயவு இல்லாத சபை. ஞாயிற்றுக்குப் பதில் சனிக்கிழமை ஆராதனை, தூபம், பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள். அவர் வாதம் எளிமையானது. நீ கொண்டுவந்தது வேதம் என்றால் அதை நானும் வாசிப்பேன், நான் வாசித்தால் அதில் உன் கோட்டும் பெஞ்சும் இல்லை. மந்தபுத்தி என்று முத்திரை குத்தப்பட்ட ஜென்மத்திலிருந்து ஒருத்தன் எழுந்து, மேலிருந்து வருகிற ஞானம் ஐரோப்பா வழியாகத்தான் வரணுமா என்று கேட்டான். நம் வரலாறுகளில் இந்த மனுஷனுக்கு அடிக்குறிப்பு அளவுதான் இடம் கிடைத்திருக்கிறது.

அதோடு நிறுத்திக்கொண்டால் சுகமாக இருக்கும். ஆனால் தன்மேல் குத்தின முத்திரையை அழித்த கை, அதே முத்திரையைக் கீழே இருப்பவன்மேல் குத்துவதையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டின கத்தோலிக்கக் கோயிலில் வேளாளருக்கு ஒரு சிறகு, நாடாருக்கு ஒரு சிறகு, நடுவில் சுவர். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. அது நாடார்களின் வெற்றி. தலித் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கல்லறைத் தோட்டங்களில் எழும்பி நிற்கிற சுவர்களை இடிக்க யார் வந்தார்கள்? இதைக் கேட்டால் 'சபைக்குள் உலகத்தைக் கொண்டுவராதே' என்கிறார்கள். யாக்கோபு மேலிருந்து வருகிற ஞானத்துக்குத் தருகிற அடையாளங்களில் ஒன்று பட்சபாதமில்லாமை. அதற்கு முந்தின அதிகாரத்தில் பட்சபாதம் என்றால் என்னவென்று படம் போட்டே காட்டியிருக்கிறார். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனம், கந்தை கட்டினவனுக்குக் காலடி. ஆக இந்த நிருபத்தில் இரண்டு ஞானங்களுக்கும் நடுவிலான கோடு வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் போகவில்லை. கோயிலுக்குள்ளே, ஆசனங்களுக்கு நடுவில் போகிறது.

மூன்றாவது சொல், பேய்த்தனம். இது கால்டுவெல்லுக்குப் பிடித்த விஷயம். நெல்லை ஜனங்களின் சமயத்தையே பேய்வழிபாடு என்று வகைப்படுத்தினவர் அவர். யார் இந்தப் பேய்கள்? சுடலைமாடன், இசக்கி, முத்துப்பட்டன். முத்துப்பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கிற சாதியில் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டினவன். மாமனாரின் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தவன். இன்றும் காரையாற்றில், தாமிரபரணி மலையிறங்குகிற இடத்தில், அவன் நிற்கிறான். நம் 'பேய்களில்' பாதிப்பேர் கொலையுண்டவர்கள். சாதி மாறிக் கட்டினதற்காக, எல்லை தாண்டினதற்காக, காரணமே இல்லாமல். கொன்றவன் பயந்து கும்பிட்டான், கொல்லப்பட்டவனின் ஜனம் அழுது கும்பிட்டது, வில்லுப்பாட்டில் வழக்கு இன்னும் நடக்கிறது. இதற்குள் 1809 திருவிதாங்கூர்ச் சண்டையில் செத்த ஒரு வெள்ளைக்காரக் கேப்டனும் சேர்ந்து, சாராயமும் சுருட்டும் படையலாக வாங்கிக்கொண்டிருந்தான். அதையும் கால்டுவெல்தான் பதிவு செய்கிறார். சாவு யாரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது என்று இந்த ஜனங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பேய்த்தனம் என்று ஒரே வீச்சில் தள்ளும்போது, கொலையுண்டவர்களின் வழக்கும் சேர்ந்து தள்ளுபடியாகிறது. கொலையுண்ட ஒருத்தனைத் தேவன் என்று கும்பிடுகிற மதம் இதைச் செய்கிறது என்பதுதான் எனக்கு ஆறாதது. யாக்கோபு வேறொன்றும் சொல்கிறார். பிசாசுகளுக்கும் சரியான விசுவாசம் உண்டு, நடுங்கவும் செய்கின்றன என்று. அப்படியானால் பேய்த்தனத்துக்கு அடையாளம் தப்பான சாமியைக் கும்பிடுவது இல்லை. பொறாமையும் விரோதமும்தான் என்று 3-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு போகிறது.

இனி கங்கைகொண்டான். கங்கையைக் கொண்டவனின் பட்டப்பெயர் தாங்கின ஊரில் பொருநையைக் கொண்டுபோக ஒரு கம்பெனி வந்ததை வரலாற்றின் நகைச்சுவை என்று சொல்லிச் சிரிக்கலாம். சிரிப்பு வரவில்லை. 2005-இல் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்குத் தெரிந்தவர் ஒருத்தரோடு போயிருந்தேன். பத்துப் பதினைந்து பெண்கள், பாதிப்பேர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டே ஜெபத்துக்கு வந்துவிடுகிறவர்கள். ஊழியக்காரர் இளவயசு. தண்ணீர்ப் பிரச்சினை பேச்சில் வந்தது. அவர் அன்பாகத்தான் சொன்னார்: "தண்ணி, கம்பெனி, போராட்டம் இதெல்லாம் உலகக் காரியம்க்கா. நமக்கு ஜீவத்தண்ணி இருக்கு." கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. பிறகு ஓரத்தில் இருந்த ஒரு அக்கா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அப்போ ஞானஸ்நானத்துக்கு எங்கள எங்கெ முக்குனீக, பாஸ்டரய்யா? இந்த ஆத்துலதான முக்குனீக?" ஊழியக்காரர் சிரித்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். எனக்கு அன்று ஜெபம் காதில் ஏறவில்லை.

அந்தக் கேள்வியை நான் ஒரு கோட்பாட்டு நூலாகவே எடுத்துக்கொள்கிறேன். ஞானமும் ஸ்நானமும் ஒரே சொல்லில் இருப்பதை நாம் மறந்துபோனோம். அந்த அக்கா மறக்கவில்லை. பரத்திலிருந்து வருகிறது என்று நம்புகிற சடங்குக்கும் முழங்காலளவு ஆற்றுத்தண்ணீர் வேண்டியிருக்கிறது. லௌகிகம் போனால் ஞானஸ்நானமும் போச்சு. இது இடதுசாரி வகுப்பு எடுத்து வந்த கேள்வி அல்ல. சபைக்குள்ளிருந்து, சபையின் சொல்லை வைத்தே வந்த கேள்வி. அந்த நாட்களில் நாம் விநியோகித்த நோட்டீஸ்களில் லிட்டர் கணக்கு இருந்தது, ஏகாதிபத்தியம் இருந்தது. எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த அக்காவின் சொல் ஒன்றுகூட இல்லை.

இதே சிற்றாறு தாமிரபரணியோடு சேர்கிற இடம் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு பாடின மண். மூத்தபள்ளி வைணவம், இளையபள்ளி சைவம். இருவரும் ஒருத்தி சாமியை ஒருத்தி கிழிகிழி என்று கிழிக்கிறார்கள். ஆனால் நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று பாட்டு இறங்கும்போது சண்டை காணாமல் போய்விடுகிறது. நீரையும் சேற்றையும் பற்றின ஞானம் அங்கே சமயங்களுக்குக் கீழே இல்லை, அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை என்று கூப்பிட்ட மனுஷன், 'ஒரு உலை' என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தனித்தனி அடுப்பில் வேகிற வரைக்கும் திருவிருந்து என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை என்பது அவர் கட்சி. 2005-இல் போய்விட்டார். அவர் பாட்டுகளை இப்போதும் பாடுகிறார்கள். உலைதான் ஒன்றாகவில்லை.

வழக்கு என்னவானது என்று கேட்கலாம். ஆலை வந்தது. 2016 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தர இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் முதல் அந்தக் குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்திருந்தன. பெட்டிக்கடைக்காரனின் உலகஞானம் சில சமயம் சபைக் கமிட்டியின் தீர்மானத்தைவிட வேகமாக நடக்கிறது.

லூத்தர் 1522-இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டது பிரசித்தம். அதில் விசுவாசத்தைவிடக் கிரியை அதிகம் என்பது அவருக்கிருந்த மனத்தாங்கல். நம்மவர்கள் அப்படி வெளிப்படையாக ஒதுக்குவதில்லை. 3-ஆம் அதிகாரத்தை எடுத்து நாவடக்கம் பற்றிப் பிரசங்கிப்பார்கள். பெண்களைப் பார்த்துத்தான். இரண்டு ஞானங்கள் வரைக்கும் வருவார்கள். அங்கே புத்தகம் மூடிக்கொள்ளும். இரண்டு அதிகாரம் தள்ளி, வயல் அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலியே சத்தம் போடுகிறது என்று ஒரு வசனம் இருக்கிறது. அறுத்தவர்களின் கூக்குரல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் இருக்கிறது. மேலிருந்து வருகிற ஞானம் பற்றிப் பேசின அதே கை, கீழிருந்து மேலே போகிற சத்தத்தையும் எழுதியிருக்கிறது. நம் பக்கத்தில் வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கிறது. வாழைத்தாரும் நெல்லும் பூசணியும் ஆல்டருக்கு முன்னால் அடுக்குவார்கள், சாயங்காலம் ஏலம் போகும், அசனம் உண்டு. எத்தனையோ பண்டிகைக்குப் போயிருக்கிறேன். அந்தக் கூலி வசனத்தை அன்றைக்குப் பாடமாக வாசித்த கோயில் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. வாசித்தால் அந்த நெல்லை அறுத்தவர்கள் கடைசி பெஞ்சிலிருந்து என்ன கேட்பார்கள் என்று குருவானவருக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும்.